சீருடைக்குள் ஒரு பத்திரிகைக்காரர்: நேட்டால், 1906

1906 ஜூன் மாதக் கடைசிப் பகுதி. டர்பனிலிருந்து வடக்கே ஸ்டாங்கருக்கு, அதாவது இன்றைய க்வாடுகூசாவுக்கு, சுமார் இருபது இந்தியர்கள் ரயிலேறினார்கள். உடம்பில், தென்னாப்பிரிக்காவின் பிரிட்டிஷ் குடியேற்றமான நேட்டாலின் அரசு கொடுத்த சீருடை. வேலை, காயம்பட்டவர்களை டோலியில் சுமப்பது. தலைமை தாங்கியவருக்கு சார்ஜென்ட் மேஜர் என்ற தற்காலிகப் பதவி. அவர் ஜோஹன்னஸ்பர்க்கில் வழக்கறிஞர். அதோடு, டர்பனுக்கு வெளியே ஃபீனிக்ஸ் பண்ணையில் அச்சாகிவந்த 'இந்தியன் ஒப்பீனியன்' வார இதழை நடத்தியவர். பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

ஜூலை மாத இதழ்களில் அந்தப் படை எங்கே போனது, என்ன செய்தது என்ற குறிப்புகள் வந்தன. எழுதியவர் காந்தியே. ராணுவத்தின் கட்டளைப்படி நடந்தவரும் ராணுவம் செய்வதை வாசகர்களுக்குச் சொன்னவரும் ஒரே ஆள். பத்திரிகைக்காரர் படையில் சேர்ந்தால் அவர் எழுத்து என்ன ஆகும் என்று யோசிக்கிறவர்களுக்கு இதைவிட நெருக்கமான, ஆவணங்கள் இவ்வளவு கிடைக்கிற நிகழ்வு நம் தென்னாப்பிரிக்காவில் வேறு இல்லை.

எனக்கு இதில் இரண்டு கேள்விகள். சீருடையில் இருந்த அந்தப் பத்திரிகைக்காரர் எதை உடனே எழுதினார், எதைப் பல ஆண்டு கழித்துத்தான் எழுதினார்? அவரோடு டோலியைத் தூக்கியவர்கள் பார்த்ததை யார் எழுதினார்கள்? இரண்டாவது கேள்வியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அந்தப் படையில் இருந்த இருபத்துநான்கு பேரில் (அன்றைய ஆவணங்களில் இருபது) தன்னைத் தவிர குஜராத்திகள் நாலு பேர் என்று காந்தி தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஒரு பட்டாணியரை விட்டால் மீதி எல்லோரும் கூலி ஒப்பந்தம் முடித்து வெளியே வந்த தென்னிந்தியர்கள். டர்பனிலும் வடக்குக் கரையோரத்திலும் இன்று வாழ்கிற தமிழ், தெலுங்குக் குடும்பங்களின் முன்னோர் இப்படிப்பட்டவர்கள்தான்.

என்ன நடந்துகொண்டிருந்தது

நேட்டால் அரசுக்குப் பணமுடை. 1905இல் ஒரு தலைவரிச் சட்டம் கொண்டுவந்தார்கள். குடிசை வரி கட்டாத வயதுவந்த ஆண்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 1 பவுன் கட்ட வேண்டும். பெரும் சுமை விழுந்தது அந்த மண்ணின் கறுப்பின மக்களான ஜூலுக்களில் மணமாகாத இளைஞர்கள் மேல். வெள்ளைக்காரர் பண்ணைகளிலும் சுரங்கங்களிலும் கூலிக்கு அலைந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள்.

1906 பிப்ரவரியில் ரிச்மண்ட் பக்கத்தில் வரி தொடர்பான மோதலில் இரண்டு போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். உடனே ராணுவச் சட்டம். ஏப்ரல் தொடக்கத்தில் அந்த வழக்கில் பன்னிரண்டு ஜூலுக்களை வரிசையாக நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். அதே நாட்களில் கிரேடவுன் பக்கத்து ஸோண்டி மக்களின் தலைவர் பம்பாத்தா ஆயுதம் எடுத்தார். நிகண்ட்லா காட்டுக்குள் புகுந்து போராடிய அவருடைய ஆட்களை ஜூன் 10ஆம் தேதி மோமே பள்ளத்தாக்கில் பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கியும் வைத்துச் சுற்றி வளைத்தார்கள். ஒரே காலையில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். பம்பாத்தாவும் அங்கேயே கொல்லப்பட்டதாக அரசு அறிவித்தது. உடலை அடையாளம் காட்டுவதற்காகத் தலையை வெட்டி எடுத்துப் போனார்கள்.

காந்தியின் டோலிப் படை போய்ச் சேர்ந்தது இதற்கு அப்புறம். எதிர்ப்பு மாப்பூமுலோ பக்கம் பரவியிருந்த நேரம் அது. அங்கே நடந்ததில் பெரும்பகுதி ஊர்களைத் தேடிப்போய்த் தண்டிப்பதுதான். எல்லாம் முடிந்தபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜூலுக்கள் இறந்திருந்தார்கள். இறந்த வெள்ளையர் முப்பது பேருக்கும் குறைவு. கசையடி வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில். இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு படித்தால்தான் ஜூலை இதழ்கள் எப்படி எழுதப்பட்டன என்பது புரியும்.

எதற்காகப் போனார்

ஏப்ரல் மாதமே காந்தி தன் இதழில் குஜராத்தியில் எழுதிவிட்டார். ஜூலுக்களின் எழுச்சி நியாயமா இல்லையா என்று சொல்வது நம் வேலையல்ல, பிரிட்டிஷ் ஆட்சி இருப்பதால்தான் நாம் நேட்டாலில் இருக்கிறோம், ஆகவே முடிந்த உதவியைச் செய்வது நம் கடமை என்பது அதன் சாரம். போர்முனை வீரர்களுக்கான நிதிக்கு இந்திய வணிகர்கள் பணம் தர வேண்டும் என்றும் இதழ் கேட்டுக்கொண்டது.

இதை வெறும் விசுவாசம் என்று தள்ளிவிட முடியாது. ஒரு கணக்கும் இருந்தது. உரிமை கேட்கிற சமூகம் தன் கடமையைச் செய்ததாகக் காட்டினால் லண்டன் காது கொடுக்கும் என்று அவர் அன்று உறுதியாக நம்பினார். ஆறு ஆண்டுக்கு முன்னால், டச்சு வழிவந்த போயர்களோடு பிரிட்டன் நடத்திய போயர் போரிலும் இதையே செய்தவர் அவர். அப்போது சுமார் 1,100 இந்தியர்கள் டோலி சுமந்தார்கள். அதில் ஏறத்தாழ 800 பேர் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட ஒப்பந்தக் கூலிகள். கொலென்சோவிலும் ஸ்பியன் கோப்பிலும் அவர்கள் ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து மைல் சுமையோடு நடந்தார்கள். போர் முடிந்து பதக்கம் கிடைத்தது தலைவர்கள் முப்பத்தேழு பேருக்கு.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஒப்பந்தம் முடித்துவிட்டு நாடு திரும்பாமல் இங்கேயே தங்கிய இந்தியர்கள் ஆண்டுக்கு 3 பவுன் கட்ட வேண்டும் என்று 1895இல் சட்டம் போட்டது இதே நேட்டால் அரசு. அந்த வரி 1914வரை போகவில்லை. 1 பவுன் வரியை எதிர்த்ததற்காகச் சுடப்பட்டவர்களின் காயத்துக்கு, 3 பவுன் வரி போட்டு வதைக்கப்பட்ட ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் கட்டுப் போட்டார்கள். நேட்டால் தமிழர் வரலாற்றில் நான் படித்தவற்றில் இவ்வளவு கனமான இடம் வேறில்லை. அந்த ஆண்டின் எந்தச் செய்திக் குறிப்பிலும் இந்த இரண்டு வரிகளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசப்பட்டதை நான் பார்க்கவில்லை. ஜூலுக்காரரின் வலி வேறு, நம் வலி வேறு என்றுதான் அன்றைய அரசியல் பேசியது. சீருடை அந்தப் பிரிவை இன்னும் இறுக்கியது.

ஜூலை இதழ்கள்

இதழில் வந்த குறிப்புகள் நாட்குறிப்பு மாதிரி இருக்கின்றன. இன்ன இடத்திலிருந்து இன்ன இடத்துக்கு நடந்தோம், இன்ன அதிகாரி இன்ன வேலை கொடுத்தார், சுமை ஏற்றிக்கொண்டு மலை ஏறினோம், இறங்கினோம். ஒரு படை எழுத்தர் எழுதிவைக்கும் பதிவேட்டின் நிதானம். பொய் ஒன்றும் இல்லை. தேதியும் ஊரும் துல்லியம்.

ஓரிடத்தில், முகாமைத் தூய்மைப்படுத்தும் வேலையோடு சேர்த்து, கசையடி பட்ட ஜூலுக்களின் முதுகுப் புண்ணுக்குக் கட்டுப்போட்டதும் வருகிறது. கசையடி யார் உத்தரவு, எதற்காக அடித்தார்கள், எத்தனை அடி, அடிபட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்று எதுவும் இல்லை. சாதாரணமாக ஒரு பத்திரிகைக்காரர் இந்த இடத்தில்தான் நிற்பார். அடுத்த நாலு கேள்விகளைக் கேட்பார். சார்ஜென்ட் மேஜர் கேட்கவில்லை, அடுத்த வேலைக்கு நகர்ந்துவிட்டார்.

இன்னொரு இடம் இதைவிடச் சங்கடமானது. காயம்பட்ட ஒரு ஜூலுவைச் சுமக்க, பிடிபட்ட ஜூலுக்களையே துணைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் நம்பத்தகாதவர்கள், பிடிவாதக்காரர்கள், கண்காணிக்காவிட்டால் நோயாளியைக் கீழே போட்டுவிடுவார்கள், சொந்த இனத்தவன் படும் வேதனையில் அவர்களுக்கு அக்கறையே இல்லை என்ற பொருளில் குறிப்பு போகிறது. துப்பாக்கி முனையில் சுமக்கவைக்கப்பட்ட கைதிகள் அவர்கள். ஊர் எரிந்திருக்கலாம், வீட்டார் எங்கே என்று தெரியாமல் இருந்திருக்கலாம். குறிப்பை எழுதியவருக்கு அந்த எண்ணம் வந்ததாக எழுத்தில் தெரியவில்லை. சுமை இறக்கும் நேரம், மலைச் சரிவு, ராணுவ அட்டவணை ஆகியவற்றின் கண்ணால்தான் அந்த மனிதர்கள் பார்க்கப்படுகிறார்கள்.

சீருடை ஒரு எழுத்தாளரைப் பொய் சொல்லவைக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். இந்த நிகழ்வைப் பார்த்தபின் எனக்கு வேறொன்று படுகிறது. சீருடை முதலில் மாற்றுவது பார்வையின் இடத்தை. படை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து பார்த்தால் எதிரே இருப்பவர் வேலைக்கு இடைஞ்சலாகவோ உதவியாகவோ மட்டுமே தெரிவார். எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய்யாக இல்லாமலே இது நடந்துவிடுகிறது. தணிக்கை அதிகாரி யாரும் தேவைப்படவில்லை.

இருபது ஆண்டு கழித்து

1925 முதல் 1929 வரை 'நவஜீவன்' இதழில் தொடராக எழுதிய 'சத்திய சோதனை'யில் காந்தி இதே மாதத்துக்குத் திரும்பி வந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரே ஆள் எழுதியதா என்று தோன்றும்.

போன இடத்தில் எழுச்சி என்று சொல்லத்தக்க எதையும் தான் காணவில்லை என்கிறார். இது போரே அல்ல, மனித வேட்டை. தான் பேசிப் பார்த்த ஆங்கிலேயர் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்கிறார். ஒரு பாவமும் அறியாத குடியிருப்புகளில் படையினரின் துப்பாக்கிகள் வெடிப்பதைக் காலைதோறும் கேட்டுக்கொண்டு அங்கே இருந்தது பெரும் சோதனையாக இருந்தது என்கிறார். தங்கள் வேலி மறைவிலிருந்து வெள்ளைச் சிப்பாய்கள் எட்டிப் பார்த்து, ஜூலுக்களின் புண்ணைத் தொடாதீர்கள் என்று தடுக்கப் பார்த்ததையும், இவர்கள் கேட்காததால் ஜூலுக்களை வாய்க்கு வந்தபடி திட்டியதையும் எழுதுகிறார். பல நாள் கவனிப்பாரற்றுக் கிடந்ததால் புண்கள் அழுகி நாற்றமெடுத்திருந்தன. இவர்கள் இல்லாவிட்டால் அந்த மக்களைப் பார்க்க ஆளே இருந்திருக்காது. அந்த நினைப்புதான் தன் மனச்சாட்சியைச் சற்று ஆற்றியது என்கிறார்.

இதில் எதுவும் ஜூலை 1906இல் தெரியாத சங்கதியா? எல்லாம் அப்போதே கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது. ஆனால் வாசகருக்குப் போய்ச் சேர இருபது ஆண்டு பிடித்தது. அதற்குள் ராஜ்ஜியத்தின் மேல் அவருக்கிருந்த நம்பிக்கை போய்விட்டது. ஜூலு எழுச்சிக்காகக் கிடைத்த பதக்கத்தை 1920 ஆகஸ்டில் மற்றப் பதக்கங்களோடு வைசிராய்க்குத் திருப்பி அனுப்பியிருந்தார்.

அதே சமயம், பிந்திய நினைவை முழு உண்மை என்று எடுத்துக்கொள்வதும் சரியில்லை. படை ஆறு வாரம் பணியில் இருந்ததாகத் தன்வரலாறு சொல்கிறது. அன்றைய ஆவணங்களின்படி ஒரு மாதத்துக்குள் முடிந்த வேலை அது. ஒரு ஜூலு தலைவர் வரி கட்டாதே என்று சொல்லி, வரி வாங்க வந்த சார்ஜென்டை ஈட்டியால் குத்தியதால் எல்லாம் தொடங்கியது என்று எழுதுகிறார். பிப்ரவரிச் சம்பவம் அப்படி நடக்கவில்லை. பம்பாத்தாவின் எழுச்சியும் அதுவும் வேறு வேறு இடம், வேறு வேறு ஆட்கள். நாள், எண்ணிக்கை, ஊர் ஆகியவற்றுக்கு ஜூலை இதழை நம்பலாம். அங்கே என்னதான் நடந்தது என்பதற்குப் பிந்திய நூலை நம்ப வேண்டியிருக்கிறது. போர்முனைச் செய்தியை ஆய்வு செய்கிறவர்கள் இந்த இரட்டை நிலையைக் கவனமாகப் பார்க்க வேண்டும். உடனே எழுதியது துல்லியமானது, ஆனால் கண் குறுகியது. பிறகு எழுதியது அகலமானது, ஆனால் விவரம் வழுக்குகிறது.

ஒன்று சொல்லியாக வேண்டும். ஜூலுக்களின் புண்ணைக் கழுவியது பெரிய காரியம். அந்த முகாமில் வேறு யாரும் செய்ய முன்வராத வேலை அது. 1906 ஜூலை 6ஆம் தேதி ஜெனீவாவில் காயம்பட்டவர்களைப் பற்றிய புதிய உடன்படிக்கை கையெழுத்தானது. எந்த நாட்டுச் சிப்பாயாக இருந்தாலும் காயம்பட்டால் பேதம் பார்க்காமல் சிகிச்சை தர வேண்டும் என்றது அது. நாடுகளுக்கிடையிலான போருக்குத்தான் அந்த விதி. ஒரு குடியேற்ற அரசு தன் ஆளுகைக்குள் இருந்தவர்களைச் சுட்டபோது அந்தக் காகிதம் அவர்களுக்குப் பயன்படவில்லை. அதே வாரங்களில் மாப்பூமுலோவில் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக இந்த நாட்டுக்கு வந்த தென்னிந்தியர்கள். கையால் செய்த அந்த வேலையின் பெருமை எழுத்தில் விட்டுப்போனதை ஈடுகட்டாது. எழுத்தில் விட்டுப்போனது அந்த வேலையைச் சிறுமைப்படுத்தவும் செய்யாது.

பக்கத்து மேட்டில் இன்னொரு பத்திரிகை

ஃபீனிக்ஸ் பண்ணை இருப்பது இனாண்டாவில். அங்கிருந்து சில கிலோமீட்டரில் ஓலாங்கே. ஜான் லங்காலிபலேலே டூபே அங்கே பள்ளி நடத்தினார். 1903இல், 'இந்தியன் ஒப்பீனியன்' தொடங்கிய அதே ஆண்டில், 'இலாங்கா லாசே நாட்டால்' என்ற ஜூலு பத்திரிகையையும் தொடங்கினார். பின்னாளில் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸாக வளர்ந்த அமைப்புக்கு 1912இல் முதல் தலைவரானவர் இவர்.

1906இல் டூபே சீருடை போடவில்லை. தன் மக்கள் மேல் நடந்ததைத் தன் பத்திரிகையில் கண்டித்து எழுதினார். ஆளுநர் மெக்கல்லம் அவரைக் கூப்பிட்டுக் கண்டித்தார். டூபே மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டியதாயிற்று. ராணுவச் சட்டம் அமலில் இருந்த நாட்டில் ஒரு கறுப்பினப் பத்திரிகை ஆசிரியருக்கு இருந்த இடம் அவ்வளவுதான்.

இந்த ஒப்பீட்டை நான் வேண்டுமென்றே கொண்டுவருகிறேன். சீருடை போடாதவர் சுதந்திரமாக எழுதுவார், போட்டவர் அடங்கி எழுதுவார் என்று எளிதாக முடித்துவிடக் கூடாது. டூபேயின் வாயை அடைத்தது அரசின் அதிகாரம். காந்தியின் பேனாவை இழுத்துப் பிடித்தது, தன் சமூகத்துக்கு அந்த அரசிடமிருந்து ஏதோ கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு. இரண்டாவது கட்டு கண்ணுக்குத் தெரியாதது. அதனால் வாசகருக்கு எச்சரிக்கையும் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று எதிர்பார்த்ததும் கிடைக்கவில்லை. படை கலைந்த அடுத்த மாதமே, ஜோஹன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வாலின் அரசு ஆசியர்கள் எல்லோரும் கைரேகை பதிந்து சான்று வைத்திருக்க வேண்டும் என்ற வரைவைக் கொண்டுவந்தது. செப்டம்பர் 11ஆம் தேதி ஜோஹன்னஸ்பர்க் எம்பயர் அரங்கில் கூடி, கீழ்ப்படியமாட்டோம் என்று உறுதி எடுத்தார்கள்.

சர்ச்சிலின் வழக்கு

தென்னாப்பிரிக்காவில் இந்தப் பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் சொல்வது வின்ஸ்டன் சர்ச்சிலை. அதையும் பார்த்துவிடலாம். 1899இல் 'மார்னிங் போஸ்ட்' நாளிதழின் நிருபராக, மாதம் 250 பவுன் சம்பளத்தில் வந்தார். நவம்பர் 15ஆம் தேதி எஸ்ட்கோர்ட்டிலிருந்து கிளம்பிய கவச ரயிலைப் போயர்கள் தடம்புரட்டியபோது, நிருபர் சும்மா இருக்கவில்லை. குண்டுமழைக்கு நடுவில் இருப்புப்பாதையைச் சீர்செய்து இன்ஜினைக் கிளப்புவதற்கு ஆட்களை ஏவினார். காயம்பட்டவர்களோடு இன்ஜின் தப்பியது, அவர் பிடிபட்டார்.

பிரிட்டோரியாவில் சிறையிலிருந்தபடி, நான் பத்திரிகைக்காரன், போர்வீரன் இல்லை, விட்டுவிடுங்கள் என்று மனுப் போட்டார். போயர்கள் அன்றைய சண்டையைப் பற்றி ஆங்கிலேயப் பத்திரிகைகள் எழுதிய புகழுரைகளைச் சுட்டிக்காட்டினார்கள். இவ்வளவு செய்தவர் எப்படிப் பொதுமகன்? கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன். டிசம்பர் 12ஆம் தேதி தப்பி, லூரென்சோ மார்க்கேஸ் வழியாக டர்பனுக்கு வந்து வரவேற்பு வாங்கினார்.

படையாள் நிருபராக இருக்கக் கூடாது என்று அதற்குள் பிரிட்டிஷ் போர் அலுவலகம் தடை போட்டிருந்தது. அவருடைய முந்திய எழுத்துகளே அந்தத் தடைக்கு ஒரு காரணம். ஆனாலும் தளபதி புல்லர், சம்பளமில்லாத லெஃப்டினன்ட் பதவி கொடுத்து, நிருபர் வேலையையும் தொடரவிட்டார். 1900 ஜனவரி 24ஆம் தேதி ஸ்பியன் கோப் மலையில் சர்ச்சில் மேலும் கீழும் ஏறி இறங்கிச் செய்தி கொண்டுபோனார். அதே போரில்தான் காந்தியின் டோலிக்காரர்கள் காயம்பட்டவர்களைக் கீழே சுமந்தார்கள்.

சர்ச்சில் சீருடைக்குள்ளிருந்தே தளபதிகளின் தவறுகளைத் தொட்டு எழுதினார். தோற்ற போயர்களிடம் தாராளமாக நடக்க வேண்டும் என்று எழுதி இங்கிலாந்தில் திட்டும் வாங்கினார். அவரால் அது முடிந்ததற்குக் காரணம் இருக்கிறது. பிரபுக் குடும்பம், லண்டனில் செல்வாக்கு, கைநிறைய சம்பளம். ராணுவம் அவருக்குத் தேவைப்பட்ட அளவுக்கு மேல் ராணுவத்துக்கு அவர் தேவைப்பட்டார். மனுவோடு வாசலில் நிற்கிற ஒரு சமூகத்தின் பிரதிநிதிக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே, படையில் சேர்ந்த பத்திரிகைக்காரர் எவ்வளவு சுதந்திரமாக எழுதுவார் என்று கேட்கும்போது அவர் தைரியத்தை அளப்பதற்கு முன்னால் அவருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

சட்டம் இதில் ஓரளவுக்குத்தான் உதவும். 1899 ஹேக் விதிகள், படையைச் சேராமல் படையோடு போகிற நிருபர் பிடிபட்டால், அடையாளச் சான்று வைத்திருக்கும் பட்சத்தில், போர்க்கைதியாக நடத்த வேண்டும் என்றன. 1977இல் ஜெனீவா உடன்படிக்கைகளோடு சேர்க்கப்பட்ட முதல் நெறிமுறையின் 79ஆம் பிரிவு, பத்திரிகையாளரைப் பொதுமகனாகவே கருத வேண்டும், அந்த நிலைக்கு முரணான எதையும் அவர் செய்யாதவரை, என்கிறது. ஆயுதம் எடுத்துப் படையில் சேர்ந்துவிட்டால் அந்தக் காப்பு போய்விடும். 2022க்குப் பிறகு உக்ரைனில் பத்திரிகைக்காரர்கள் பலர் படையில் சேர்ந்திருக்கிறார்கள். தன் நாட்டைக் காக்கச் சேர்ந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதுங்குகுழியிலிருந்து அவர்கள் எழுதுவதற்கு வேறு யாராலும் தர முடியாத நெருக்கம் உண்டு. எழுதுகிறவர் படையாள் என்பதைக் கட்டுரையின் தலையிலேயே சொல்லிவிட வேண்டும், எதிர்ப்பக்கத்தையும் நடுவில் மாட்டிக்கொண்ட ஊரையும் பற்றி எழுத வேறொரு நிருபரை அனுப்ப வேண்டும். பத்திரிகை அலுவலகம் செய்ய வேண்டியது இந்த இரண்டும். 1906இல் ஃபீனிக்ஸ் அச்சகத்தில் இரண்டாவதைச் செய்ய ஆள் இல்லை, அந்த எண்ணமும் இருக்கவில்லை.

தமிழ்ப் பக்கம்

'இந்தியன் ஒப்பீனியன்' 1903 ஜூனில் வந்தபோது ஆங்கிலம், குஜராத்தி, ஹிந்தி, தமிழ் என நாலு மொழியில் வந்தது. தோட்டத்திலும் சுரங்கத்திலும் ரயில்வேயிலும் உழைத்த தமிழர்களுக்கும் சேர்த்து என்பதுதான் நோக்கம். தமிழுக்கும் ஹிந்திக்கும் தகுந்த ஆசிரியர்களும் அச்சுக் கோப்பவர்களும் அமையவில்லை. 1906 தொடக்கத்தில் இரண்டு பகுதிகளையும் நிறுத்தினார்கள்.

அதாவது பெரும்பாலும் தென்னிந்தியர்களே இருந்த ஒரு படை மாப்பூமுலோ மலைகளில் ஏறி இறங்கிய அந்த மாதத்தில், அவர்களுடைய செய்தி குஜராத்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே போனது. டோலியைச் சுமந்தவர் திரும்பி வந்து, தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தன் மொழியில் வாசிக்க வழியில்லை. அது தப்பு, நான் பார்த்தது வேறு என்று அவர் ஒரு கடிதம் எழுதவும் இடமில்லை. ஜூலுக்கள் நம்பத்தகாதவர்கள் என்ற வரியைப் படித்திருந்தால் பக்கத்தில் நடந்த தமிழர் என்ன சொல்லியிருப்பார்? ஒருவேளை தலையாட்டியிருப்பார். ஒருவேளை, சர்தாரின், அதாவது தோட்ட மேஸ்திரியின், சவுக்குக்கு நடுவில் கரும்பு வெட்டிய ஆள் என்பதால், அந்தக் கைதிகள் ஏன் மெதுவாக நடந்தார்கள் என்று அவருக்கு வேறு காரணம் தெரிந்திருக்கும். கேட்கவில்லை, எழுதிவைக்கவில்லை, போய்விட்டது.

சீருடைப் பத்திரிகைக்காரரைப் பற்றிப் பேசும்போது நாம் எப்போதும் அவரையும் தளபதியையும் மட்டும் பார்க்கிறோம். அவருக்குக் கீழே, அதே சீருடையில், பேனா இல்லாமல் இருந்தவர்கள் கண்ணில் படுவதில்லை. போயர் போரின் 800 கூலிகள் ஒரு எண்ணாக நின்றுவிட்டார்கள். அதே போரில் மாஃபெகிங் நகர முற்றுகையின்போது ஆங்கிலேய நிருபர்களின் செய்திகளை எதிரிகளின் கோட்டுக்குள் புகுந்து கொண்டுபோன கறுப்பின ஓட்டக்காரர்களும் அப்படித்தான். அங்கே சோல் பிளாட்யே என்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் தனக்கென ஒரு நாட்குறிப்பு எழுதிவைத்ததால், முற்றுகைக்குள் கறுப்பின மக்கள் பட்ட பட்டினி நமக்குத் தெரிகிறது. பின்னாளில் அவரும் பத்திரிகை ஆசிரியரானார். நம் டோலிக்காரர்களுக்கு ஒரு பிளாட்யே கிடைக்கவில்லை.

ஆனாலும் ஒன்று மிச்சமிருக்கிறது. படையில் சேர்ந்தவர்களின் பெயர்கள் 1906ஆம் ஆண்டு ஆவணங்களில் அச்சிலேயே உள்ளன. மறுபக்கம், 1860 நவம்பரில் டர்பனுக்கு வந்த 'ட்ரூரோ' தொடங்கி ஒவ்வொரு கப்பலிலும் வந்த ஒப்பந்தக்காரர்களின் பதிவேடுகளில் பெயர், தந்தை பெயர், வயது, ஊர், தாலுகா, ஜில்லா எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. டர்பனில் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி லுதூலி ஆவண மையத்தில் பழைய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழ்கள் இருக்கின்றன. பெயர்கள் பல வகையாக எழுதப்பட்டிருப்பதால் பொருத்துவது சுலபமில்லை. ஒரே பெயரில் பத்துப் பேர் வருவார்கள். ஆனால் இருபது பெயர்கள்தான். தமிழும் தெலுங்கும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த, வடக்குக் கரையோரக் கோயில்களிலும் கல்லறைகளிலும் குடும்பங்களை விசாரிக்கக் கூச்சப்படாத நாலு இளைஞர்கள் உட்கார்ந்தால், இவற்றில் சிலரையாவது ஊரோடும் வாரிசுகளோடும் சேர்த்துவிடலாம். மாப்பூமுலோ பக்கத்து ஜூலு குடும்பங்களிலும் அந்தக் குளிர்காலத்தைப் பற்றிச் சொல்லக் கேட்டவர்கள் இருப்பார்கள். அங்கேயும் போய், அதே கேள்விகளை ஜூலுவில் கேட்க வேண்டும்.